52 வாரங்களில் வளர்ந்த பையன்

தொண்ணூறுகளில் தருமபுரிப் பக்கம் பள்ளிக்கூடம் போன யாரிடமாவது 'ஜங்கிள் புக்' என்று சொல்லிப் பாருங்கள். கதைக்கு முன்னால் பாட்டு வந்துவிடும். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட மெட்டை முழுசாக முனகிக் காட்டுவார்கள். குல்ஸார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த பாட்டு. அதில் வரும் ஒரு சொல் எங்கள் காதில் 'சட்டி' என்றே விழுந்தது. எங்களுக்குச் சட்டி என்றால் குழம்புச் சட்டி. காட்டில் வளர்கிற பையனுக்கு எதற்குச் சட்டி என்று நாங்கள் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறோம். அது அவன் இடுப்பில் கட்டியிருந்த துணியைச் சொல்கிறது என்று தெரிய வருடங்கள் ஆயின.

2016 ஏப்ரலில் டிஸ்னியின் 'தி ஜங்கிள் புக்' இங்கே வந்தபோது, விளம்பரத்துக்காக அதே பாட்டை விஷால் பரத்வாஜை வைத்தே மறுபடி பதிவு செய்தார்கள். இந்தி டப்பிங்கில் ஷேர் கானுக்குக் குரல் கொடுத்தவர் நானா படேகர். 1993 தூர்தர்ஷன் தொடரிலும் ஷேர் கான் அவர்தான். அமெரிக்காவில் வருவதற்கு ஒரு வாரம் முன்பே படம் இந்தியாவில் வெளியானது. அதுவரை வந்த ஹாலிவுட் படங்களிலேயே இங்கே அதிகம் வசூலித்த படமாகவும் ஆனது. ஒரு ஹாலிவுட் படத்தை இந்தியாவில் விற்க, ஒரு ஜப்பானியத் தொடரின் இந்தி டப்பிங்கை நினைவுபடுத்த வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். படம் கிப்ளிங்கின் மறு ஆக்கமாக இருக்கலாம். விளம்பரம் மறு ஆக்கம் செய்தது நம்முடைய ஞாயிற்றுக்கிழமைக் காலையை.

பாட்டும் குரலும் திரும்பி வந்துவிட்டன. அவற்றோடு நாம் அன்றைக்கு எதைப் பார்த்தோமோ அதுவும் வந்ததா? பழைய தொடரை இப்போது முழுதாக, பொறுமையாக, பிறகு வந்தவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து முடித்தபின் எனக்கு வரவில்லை என்றே தோன்றுகிறது. வராமல் போனது சின்ன விஷயமும் இல்லை.

பழைய தொடரை நிப்பான் அனிமேஷன் நிறுவனம் தயாரித்தது. ஃபுமியோ குரோகவா இயக்கியது. 1989 அக்டோபரில் தொடங்கி ஓராண்டு, 52 பகுதிகளாக ஜப்பானில் ஒளிபரப்பானது. எழுதிய கிப்ளிங் பம்பாயில் பிறந்தவர். ஆனால் 1894-லும் 1895-லும் வந்த இரண்டு ஜங்கிள் புக்குகளை அவர் எழுதியது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில். கதை நடக்கும் மத்தியப் பிரதேசத்தின் சியோனிக் காட்டை அவர் பார்த்ததே இல்லை. பார்க்காத காட்டைப் பற்றி ஆங்கிலேயர் எழுதியதை ஜப்பானியர் வரைந்தார்கள், அதை இந்தியில் டப் செய்தார்கள், நாங்கள் தமிழில் புரிந்துகொண்டோம். வரைந்தவர்கள் தங்கள் பங்குக்கு மோக்லியின் கையில் ஒரு பூமராங்கைக் கொடுத்தார்கள். அது ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஆயுதம். கூடவே கிச்சி என்று ஒரு சிவப்புப் பாண்டாவைச் சேர்த்தார்கள். அது இமயமலைப் பக்கத்து விலங்கு. மத்திய இந்தியக் காட்டில் அதற்கு வேலையே இல்லை.

டிஸ்னி இந்த விஷயத்தில் கவனமாக இருந்தது. 1967 கார்ட்டூன் படத்தில் கிங் லூயி ஒராங்குட்டான். இந்தியாவில் ஒராங்குட்டான் கிடையாது என்பதால், 2016-ல் ஜான் ஃபேவ்ரோ அதை ஜைகாண்டோபிதெகஸ் என்ற அழிந்துபோன ராட்சதக் குரங்காக மாற்றினார். அநேகமாக உண்மையான ஒரே நடிகன், மோக்லியாக நடித்த நீல் சேத்தி. அவனைச் சுற்றியிருக்கும் காடு மொத்தமும் கணினியில் செய்தது. படம் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் நடுவில் எடுக்கப்பட்டது என்று கடைசியில் பெருமையாக எழுத்தும் போடுகிறார்கள். அந்த வேலைக்கு 2017-ல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஈர முடி, மூக்கில் ஒட்டிய மண், இலை நரம்பு என்று ஒன்றிலும் குறை சொல்ல முடியாது.

அப்படியிருந்தும் எனக்குப் பூமராங்கும் சிவப்புப் பாண்டாவும் இருந்த அந்தத் தப்பான காடுதான் காடாகத் தெரிகிறது. இதைச் சின்ன வயசு மயக்கம் என்று சொல்லிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திரும்பப் பார்த்தபோது காரணம் வேறு என்று பட்டது. அந்தக் காட்டில் நேரம் நகர்கிறது.

நிப்பான் அனிமேஷன் எழுபதுகளிலிருந்தே மேற்கத்தியச் சிறுவர் நாவல்களை ஒரு வருடத் தொடர்களாக எடுத்துப் பழகிய நிறுவனம். வாரம் ஒன்று, வருடம் முழுக்க ஒரே கதை. தொலைக்காட்சிக்கான பட்ஜெட் குறைவு. அதனால் ஒவ்வொரு அசைவையும் வரைய முடியாது. முகம் அசையாமல் நிற்கும், கண் மட்டும் சிமிட்டும். வரைந்து வைத்த பின்னணிமேல் கேமரா மெல்ல நகரும். மழை பெய்யும், யாரும் பேசமாட்டார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலைதான். ஆனால் காட்டில் இருப்பது என்பதே பாதி நேரம் காத்திருப்பதுதானே. நாங்கள் அதைப் பஞ்சாயத்து டிவி ரூமில், கறுப்பு வெள்ளைப் பெட்டியில், ஒருத்தன் வெளியே நின்று ஆன்டெனாவைத் திருப்ப, புள்ளி புள்ளியாகப் பார்த்தோம். கதையில் விலங்குகள் தீயைச் சிவப்புப் பூ என்று சொல்லும். எங்கள் டிவியில் அது வெள்ளைப் பூ. ஒரு வாரம் போனால்தான் அடுத்தது. மின்சாரம் போனால் இரண்டு வாரம். மோக்லிக்கு வயசு கூடக்கூட எங்களுக்கும் கூடியது.

அந்த வயசு கூடுதல்தான் தொடரின் கதை. குழந்தையாக வருகிறான், ஓநாய்க் குடும்பத்தில் வளர்கிறான், பலூவிடம் காட்டின் சட்டம் படிக்கிறான். வளர்த்த வீட்டிலேயே சாவு விழுகிறது. அகேலா கிழமாகிறது. பிற்பகுதியில் கிராமம் வருகிறது, வேட்டைக்காரன் புல்டியோ வருகிறான், மனிதர் பேச்சு வருகிறது. கடைசியில் மோக்லி மனிதர்களிடம் போகிறான். காட்டோடு உறவு அறுந்துவிடவில்லை, ஆனால் போகத்தான் போகிறான். பாட்டில் இருக்கும் துள்ளல் தொடரில் பாதிதான். மீதி பாதி பிரிவு. இந்தி தெரியாத எங்களுக்கு அது எப்படிப் புரிந்தது என்றால், ஒருவேளை தெரியாததால்தான் புரிந்தது. மனிதர்கள் பேசுவது விளங்காமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் மோக்லியும், டிவி ரூமில் உட்கார்ந்திருந்த நாங்களும் ஒரே நிலைமையில்தான் இருந்தோம்.

2010-ல் ஹைதராபாதின் டி.க்யூ. என்டர்டெய்ன்மென்ட் நிறுவனம் ஐரோப்பியக் கூட்டோடு இதே கதையை 3டி தொடராக எடுத்தது. என் அக்கா மகனுக்கு மோக்லி என்றால் அந்த மோக்லிதான். போனில் பார்ப்பான். ஒவ்வொன்றும் 11 நிமிடம். ஒரு சிக்கல் வரும், மோக்லியும் பலூவும் பகீராவும் சேர்ந்து தீர்ப்பார்கள், சிரிப்பார்கள், முடிந்தது. எந்தப் பகுதியை எந்த வரிசையில் பார்த்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இந்தியாவில் எடுத்தது என்பதற்காகவே அதைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்ல ஆசைதான். தொழில் சுத்தம் இருக்கிறது, குழந்தைகள் ரசிக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த பகுதிகளில் மோக்லிக்கு ஒருநாள்கூட வயசு கூடவில்லை. நேற்று நடந்தது அவனுக்கு இன்று ஞாபகம் இருப்பதாகவும் தெரியவில்லை.

அவனை உட்காரவைத்துப் பழைய தொடரில் ஒரு பகுதி போட்டுக் காட்டினேன். அஞ்சு நிமிடம் பார்த்தான்.

"ஏன் மாமா, இவ்ளோ நேரமா யாருமே பேச மாட்டேங்கறாங்க?"

"மழை பெய்யுதுடா."

"அதான் தெரியுதே."

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 11 நிமிடத் தொடர் யாரையும் காத்திருக்கச் சொல்வதில்லை. எந்த ஊரிலும், எந்தச் சேனலிலும், எந்த வரிசையிலும் போடலாம் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். வரிசை முக்கியமில்லை என்று முடிவுசெய்த உடனே சாவு, பிரிவு, முதுமை மூன்றும் கதையிலிருந்து வெளியேறிவிடுகின்றன. செத்துப்போன அகேலா அடுத்த பகுதியில் வந்து நின்றால் நன்றாகவா இருக்கும்? ஆகவே அவர் சாகவே கூடாது.

ஃபேவ்ரோவின் படம் அப்படிக் கிடையாது. அதில் சாவு உண்டு. அகேலாவை ஷேர் கான் தூக்கி எறியும் காட்சியில் தியேட்டரே அடங்கிப்போனது. தமிழிலும் வந்ததால் இந்த முறை ஒவ்வொரு வசனமும் புரிந்தது. ஆனால் படம் வேறு ஒன்றைக் காலி செய்திருக்கிறது. அதில் மனிதர்கள் இல்லை. மோக்லியின் அப்பா பழைய நினைவில் சற்று நேரம் வந்து போகிறார். கிராமம் என்பது இரவில் தூரத்தில் தெரியும் தீப்பந்தங்கள், அவ்வளவுதான். மோக்லி ஓடிப்போய் நெருப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறான். 1967 படத்திலாவது கடைசியில் தண்ணீர் எடுக்க வந்த பெண்பிள்ளையின் பின்னால் ஊருக்குள் போனான். 2016-ல் காட்டிலேயே தங்கிவிடுகிறான். எல்லோரும் சந்தோஷமாக மரக்கிளையில் படுத்திருக்கிறார்கள். அவன் எங்கே சேர்ந்தவன் என்ற கேள்விக்குப் படம் சொல்லும் பதில், ஊரை அழித்துவிட்டால் கேள்வியே இல்லை என்பது.

இது ஏன் என்னை உறுத்துகிறது என்று சொல்ல, ஒரு பழைய பேச்சைச் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பா ரிசர்வ் காட்டை ஒட்டி ஆடு மாடு மேய்த்தவர். டிவி ரூமில் எங்கள் பின்னால் நின்று அவரும் மோக்லியைப் பார்ப்பார். ஒருநாள் சொன்னார்: "இவன் ஓநாய்ப் புள்ள கெடையாதுடா. மாடு மேய்க்கிற பையன். நடையப் பாரு." எல்லோரும் சிரித்தார்கள். பின்னாளில் கிப்ளிங்கைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூலக் கதையில் மோக்லி ஊருக்குப் போனதும் அவனுக்குக் கொடுக்கப்படும் வேலை எருமை மேய்ப்பதுதான். ஷேர் கானைக் கொல்வதும் நெருப்பை வைத்து இல்லை. எருமை மந்தையை இரண்டாகப் பிரித்து, பள்ளத்தாக்கின் இரு முனையிலிருந்தும் விரட்டி, நடுவில் மாட்டிய புலியை மிதிக்கவைத்துக் கொல்கிறான். காடும் தெரிந்து மந்தையும் தெரிந்தவனால்தான் அது முடியும். 2016 படத்திலும் எருமைகள் வருகின்றன. ஆனால் புலியிடமிருந்து மோக்லி தப்பித்து ஓட ஒரு மறைவாக மட்டும். மேய்ப்பன் போய்விட்டான், மந்தை மட்டும் மிச்சம்.

மேய்ப்பன் என்பவன் காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பவன். காலையில் காட்டுக்குள் போய்ச் சாயங்காலம் ஊருக்குத் திரும்புகிறவன். பென்னாகரம் பக்கம் ஆலம்பாடி மாடு என்று ஓர் இனம் உண்டு. காட்டு மேய்ச்சலை நம்பியே வளர்ந்த மாடு. அதை வைத்திருப்பவரிடம் போய் நீ காட்டுக்காரனா, ஊர்க்காரனா என்று கேட்டால் என்ன சொல்வார்? "ரெண்டும்தான் சாமி" என்பார்.

இந்த நடுவாந்திர மனிதனைக் கிப்ளிங் என்ன செய்தார் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஜங்கிள் புக்குக்கு ஒரு வருடம் முன்பு, 1893-ல், 'இன் தி ருக்' என்று ஒரு கதை எழுதினார். மோக்லி முதலில் தோன்றியது அதில்தான், வளர்ந்த இளைஞனாக. அதில் கிஸ்போர்ன் என்ற வன அதிகாரியும், அவருக்கும் மேலே முல்லர் என்ற ஜெர்மானியரும் வருகிறார்கள். முல்லர் மோக்லியைப் பார்த்து அசந்துபோய் அவனுக்கு அரசாங்க வேலை கொடுக்கிறார். என்ன வேலை? பாரஸ்டு கார்டு. உத்தரவு இல்லாதபோது ஊர்க்காரர்களின் ஆடுகளைக் காட்டுக்குள் விடக்கூடாது, உத்தரவு இருந்தால் விடலாம், புலி நடமாட்டத்தையும் காட்டுத்தீயையும் சொல்ல வேண்டும். முடிவில் பென்ஷன் உண்டு. எருமை மேய்த்த பையன் பெரியவனானதும் மேய்ப்பவர்களை விரட்டும் வேலைக்குப் போகிறான்.

எந்தத் தொடரும் எந்தப் படமும் இந்த முடிவைத் தொடவில்லை. அதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டுமென்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் அதை வெறும் கதையாகப் படிக்க முடியாது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. அதே மாதம் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. அதே ஆண்டு நவம்பரில்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுயிர் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆடு உள்ளே போகலாமா என்ற கேள்விக்கு மேலிருந்து வரும் உத்தரவுதான் பதில் என்ற முல்லரின் ஏற்பாடு 130 வருடமாக அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு கார்ட்டூன் தொடரைப் பற்றிய கட்டுரையில் எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். 1992 ஜூன் 20 அன்று, அரூர் பக்கம் வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சம்பவம் நடந்த அடுத்த வருடம்தான் நாங்கள் அதே மாவட்டத்தில் உட்கார்ந்து, காட்டின் சட்டம் எல்லோருக்கும் பொது என்று பலூ பாடம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொடர் இதற்குப் பொறுப்பில்லை. ஆனால் காட்டோரத்தில் வாழ்பவர்களுக்கு 'காட்டில் யாருக்கு இடம்' என்பது விளையாட்டுக் கேள்வி இல்லை. அந்தக் கேள்வியை விட்டு வைத்திருந்த ஆக்கத்தை நாங்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டோம் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

யானைகளைப் பாருங்கள், இதே வித்தியாசம் தெரியும். கிப்ளிங்கின் கதை ஒன்றில், தன்னை ஏற்றுக்கொண்டவளைக் கொல்லப் பார்த்த கிராமத்தை அழிக்கச் சொல்லி மோக்லி ஹாத்தியிடம் கேட்கிறான். ஹாத்தியும் மூன்று மகன்களும் வயலையும் வீட்டையும் துவம்சம் செய்கிறார்கள். ஃபேவ்ரோவின் யானைகள் பேசுவதில்லை. அவை காட்டைப் படைத்த தெய்வங்கள், அவை கடந்து போகும்போது மற்றவர்கள் தலைவணங்க வேண்டும். கடைசியில் ஆற்றைத் திருப்பித் தீயை அணைக்கின்றன. அழகான காட்சிதான். எங்கள் ஊரில் யானை என்றால் ராத்திரி ராகிக் கொல்லைக்குள் நிற்கும் ஆனை. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தப்பின. ஒரு பருவத்து விளைச்சலை ராத்திரியோடு ராத்திரியாக இழக்கும் விவசாயியின் கோபமும் நிஜம், தாயைச் சுற்றிச் சுற்றி வந்த குட்டிகளும் நிஜம். தெய்வமாக்கப்பட்ட யானையை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் ஒன்றாக யோசிக்க முடியாது. பயிரை மிதிக்கும் ஹாத்தியை வைத்துக்கொண்டு முடியும்.

அதனால் பழைய தொடரைக் குறையில்லாத காவியம் என்று நான் சொல்லவரவில்லை. சில பகுதிகள் இழுவை, கிச்சியின் சேட்டை சில இடத்தில் சலிப்பு, வில்லன்கள் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். ஆனால் அது ஒரு பையனை வளரவிட்டது, ஊரைக் கதைக்குள் விட்டது, இரண்டில் எங்கே போனாலும் ஒன்றை இழப்பாய் என்று குழந்தைகளிடம் மறைக்காமல் சொன்னது. மறு ஆக்கம் செய்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பாட்டை எடுத்துக்கொள்வது சுலபம், மெட்டு எல்லோருக்கும் தெரியும். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் பழைய தொடரையே மறுபடி ஒளிபரப்பியபோது பலர் பாட்டைக் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம்.

அக்கா மகனிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். மற்றதையெல்லாம் அவன் இஷ்டத்துக்குப் பார்க்கலாம். பழைய ஜங்கிள் புக் மட்டும் ஞாயிற்றுக்கு ஒன்று. முதல் மாதம் முனகிக்கொண்டே பார்த்தான். இப்போது 19-வது பகுதியில் இருக்கிறான். போன வாரம் அவனாகவே கேட்டான்: "மாமா, இவன் பெரியவனாயிட்டா எங்க போவான்?" நான் சொல்லவில்லை. தொடர் முடியும்போது அவன் ஆறாம் வகுப்பில் இருப்பான்.